எடைமேடை உள்ள கம்பிக் கடை

பர்மாவில் பகோ ஊரில் என் தங்கைக்கு இரண்டு மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். போன தீபாவளி முடிந்து மழை முழுக்க விட்ட பிறகு அஸ்திவாரம் தோண்டினோம். பொங்கலுக்கு மறுவாரம் முதல் தளத்து ஸ்லாப் போட்டாயிற்று. இந்த வீட்டுக்கு வேண்டிய கம்பி முழுவதையும் யாங்கோனில் ஒரே கடையில் வாங்கினேன், மூன்று தவணையாக, மொத்தம் ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் ஆட்கள் பலர் இந்த வருஷம் வீடு, கடை, கோயில் மண்டபம் என்று கட்டுகிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் போனில் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: முப்பத்திரண்டு வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். அப்பாவோடு கொத்து வேலையில் தொடங்கி, பத்து வருஷம் கம்பி கட்டி, இப்போது சின்ன கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அக்கா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. பயின்னாங் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு கிளைத் தெருவில் இருக்கிறது. வாசலிலேயே தரையோடு தரையாகப் பதித்த எடைமேடை இருக்கும். அதுதான் அடையாளம்.

அந்த எடைமேடைக்காகத்தான் நான் அங்கே போகிறேன். லாரி ஏறி நிற்கும் அளவுக்குப் பெரியதில்லை, ஒரு கட்டுக் கம்பியை அப்படியே இறக்கி வைக்கலாம். எண் காட்டும் பெட்டி தெருப்பக்கம் பார்த்து இருக்கிறது, கல்லாப் பக்கம் இல்லை. மேடையில் ஒன்றும் இல்லாதபோது சைபர் காட்டுவதை நீங்கள் பார்த்த பிறகுதான் கட்டை ஏற்றுகிறார்கள். எடை போடுகிற பையன் தட்டோன் பக்கத்துத் தமிழ்ப் பையன். முதல் தடவையே, "மாமா, நான் சொல்லமாட்டேன், நீங்களே படிச்சு எழுதிக்கங்க" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டான்.

இது ஏன் பெரிய விஷயம் என்று கம்பி வாங்கி ஏமாந்தவர்களுக்குத் தெரியும். இங்கே பாதிக்கு மேல் கடைகளில் கம்பியை எண்ணித்தான் விற்கிறார்கள். டன் கணக்கு என்று பில்லில் எழுதினாலும், உள்ளே நடப்பது எண்ணிக்கைதான். 12 மில்லிமீட்டர் கம்பி 94 எண்ணிக்கை, ஒரு டன். கணக்கு சரிதான், கம்பி உண்மையிலேயே 12 மில்லிமீட்டராக இருந்தால்.

2019-ல் வேறொரு கடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டன் என்று 94 கம்பி எண்ணி ஏற்றினார்கள். தூணுக்குக் கூடு கட்ட ஆரம்பித்தபோது என்னிடம் வேலை செய்த பையன் ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது லேசா இருக்கே" என்றான். பக்கத்து அரிசிக் கடைத் தராசில் ஐந்து கம்பியைக் கட்டி நிறுத்தோம். ஒரு கம்பிக்கு 8.6 கிலோ வந்தது. 40 அடி என்று விற்கும், 12 மீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும், நம் பர்மா கணக்கில் ஆறரை வீசை. 94 கம்பியும் சேர்ந்தால் 808 கிலோதான். கிட்டத்தட்ட 190 கிலோ இரும்பு என் கைக்கு வரவே இல்லை.

காசு போனது ஒரு பக்கம். அந்த எடைக்குக் கம்பியின் விட்டத்தைக் கணக்குப் போட்டால் 10.8 மில்லிமீட்டர் கூட வரவில்லை. அதாவது இரும்பின் குறுக்குப் பரப்பில் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு இல்லை. எஞ்சினியர் தூணுக்கு எட்டுக் கம்பி வரைந்திருந்தார், நான் எட்டுக் கம்பி வைத்ததாக நினைத்து ஆறரைக் கம்பிதான் வைத்திருக்கிறேன். கட்டிய கூட்டையெல்லாம் பிரித்தோம். கடைக்குப் போய்க் கேட்டபோது, "முழு 12 வேற, மெல்லிசு 12 வேற, நீங்க எதுன்னு சொல்லலையே" என்றார்கள். அன்று பட்டது இன்னும் ஆறவில்லை.

கணக்கு எளிது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டருக்கு 7.4 கிலோ. 16 மில்லிமீட்டர் என்றால் 19 கிலோவுக்கு ஒரு சொட்டுக் குறைவு. டன்னுக்கு 10-ல் 135 கம்பி, 16-ல் 53 கம்பி. இதற்கு மேல் எண்ணிக்கை ஏறினால் கம்பி மெலிந்திருக்கிறது. தரநிலைகளில் நூற்றுக்குச் சில பங்கு ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு, ஆனால் பத்தொன்பதெல்லாம் எந்த நாட்டிலும் அனுமதி இல்லை.

வீசை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பர்மாக்காரர்கள் பெய்த்தா என்று சொல்லும் எடையை வெள்ளைக்காரர்கள் விஸ் என்று எழுதினார்கள். விஸ் என்பது நம்முடைய வீசைதான். ஆனால் எடை ஒன்றில்லை: மதராஸ் வீசை 1.4 கிலோவை ஒட்டி, பர்மா வீசை 1.63 கிலோ. தாத்தா இரண்டையும் மனக்கணக்காகவே மாற்றுவார்.

தாத்தாவைப் பற்றிச் சொன்னதால் பகோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடையை நான் தேடிப் போனதற்குக் காரணமே பகோதான். 1930 மே 5-ஆம் தேதி பகோ நிலநடுக்கம் வந்தபோது தாத்தாவுக்குப் பதினைந்து வயது. ஊர் அப்போது பெகு. ஏறக்குறைய ஐந்நூறு பேர் செத்தார்கள், ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டி முடிக்க 1950-கள் ஆயின. அதே வருஷம் டிசம்பரில் வடக்கே பியூவில் இன்னொன்று. செங்கல் சுவர் மடங்கி விழும் சத்தத்தைத் தாத்தா கையைத் தட்டிக் காட்டுவார். நாங்கள் பிள்ளைகள் அதைக் கதையாகத்தான் கேட்டோம்.

2025 மார்ச் 28 மதியம் அது கதை இல்லை என்று ஆயிற்று. யாங்கோனில் நான் நின்ற மாடியில் தண்ணீர்த் தொட்டி தளும்பியது, அவ்வளவுதான். மண்டலேயிலும் சகாயிங்கிலும் 7.7 அளவு நிலநடுக்கம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பூமி 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளமாகக் கிழிந்தது. அந்த சகாயிங் பிளவுதான் நேப்பிடோ வழியாகத் தெற்கே இறங்கிப் பகோ பக்கமும் வருகிறது. அன்று நேப்பிடோவையும் தாண்டிக் கிழிந்த அந்தப் பிளவு, பகோ துண்டில் 1930-க்குப் பிறகு பெரிதாக அசையவில்லை. அந்த ஊரில்தான் என் தங்கை வீடு கட்டுகிறாள்.

அதே நாள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று சில நொடிகளில் உட்கார்ந்துவிட்டதை எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். இடிபாட்டில் எடுத்த கம்பிகளைத் தாய்லாந்து அரசு சோதித்ததில் 20 மில்லிமீட்டரும் 32 மில்லிமீட்டரும் தரத்துக்குக் குறைவாக வந்தன. ஒன்று எடையில், மற்றொன்று பலத்தில். கம்பி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வடிவமைப்பிலும் வேலையிலும் இருந்த குறைகளைப் பற்றி அங்கே பெரிய விசாரணையே நடந்தது. ஆனால் அந்தச் செய்தியில் எடை என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அரிசிக் கடைத் தராசு கண்முன் வந்தது.

காங்கிரீட் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இழுவையைத் தாங்குவதற்குத்தான் கம்பி. நிலம் ஆடும்போது தூண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வளைகிறது. அப்போது கம்பி வலுவாக இருந்தால் மட்டும் போதாது, அறுந்துவிடாமல் நீளவும் வேண்டும். நீளாத கம்பி சட்டென்று முறியும், மேல் மாடி அப்படியே கீழே வரும். நீளுகிற கம்பி வீட்டைச் சாய்த்தாவது நிறுத்தும், ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும்.

சரி, கடைக்கு வருகிறேன். கம்பியின் மேலேயே எழுத்து உருட்டியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் தடவை போனபோது அக்கா ஒரு கம்பியை வெளிச்சத்துக்குத் திருப்பி, கைத்துண்டால் துரு துடைத்து, நகத்தால் தடவிக் காட்டினார். வரிப்பள்ளங்களுக்கு நடுவே புடைப்பாக 4E என்று இருந்தது, அடுத்து ஆலையின் குறி, கடைசியில் 16. "ஊலே, இந்த E இல்லாத கம்பியைத் தூணுக்குக் கேட்காதீங்க" என்றார். எனக்கு அவரைவிட ஏழெட்டு வயது கூட, அதனால் ஊலே, பர்மியில் மாமா, என்று கூப்பிடுகிறார். நான் அக்கா என்று கூப்பிடுவது கடையில் எல்லாரும் அப்படிக் கூப்பிடுவதால்.

அந்தக் குறியின் பொருள் இது. சீனத் தரத்தில் 4 என்றால் 400 மெகாபாஸ்கல் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாத கம்பி. E என்றால் நிலநடுக்கத்துக்கென்று தனியாகச் சோதித்தது. அந்தக் கம்பி நீள ஆரம்பிக்கும் பலத்தைவிட அறுந்துபோகும் பலம் குறைந்தது 1.25 மடங்கு இருக்க வேண்டும். அறுவதற்கு முன் நூற்றுக்கு ஒன்பது பங்காவது நீள வேண்டும். நம் கைக்கு வரும் மற்ற நாட்டுக் கம்பிகளுக்கும் குறி உண்டு. தாய்லாந்துக் கம்பியில் SD40 என்றும், தண்ணீர் பாய்ச்சிக் குளிர்வித்ததானால் கூட ஒரு T-யும் இருக்கும். வியட்நாமில் CB400. இந்தியக் கம்பியில் Fe 500, அதில் D சேர்ந்தால் நன்றாக நீளும் ரகம். ஒரு குறியும் இல்லாத மொட்டைக் கம்பி என்றால் நான் தொடுவதில்லை.

குறியைப் போலியாகவும் உருட்டலாம் அல்லவா? அதற்கும் இந்தக் கடையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேறெங்கும் நான் பார்க்காத வழி, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அக்காவின் மகன் கம்பியிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டுவான். வெட்டு முகத்தை அரத்தால் தட்டையாக்கி, உப்புத்தாளில் கரடு முதல் நயம் வரை நாலு தரம் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவான். அப்புறம் நைட்ரிக் அமிலம் கொஞ்சமாகக் கலந்த ஸ்பிரிட்டைச் சொட்டு விடுவான். சில நொடியில் முகம் மங்கும். தண்ணீர் பாய்ச்சிக் குளிர்வித்த கம்பியாக இருந்தால் ஓரத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் எழும், நடுவில் சாம்பல் நிறம். பாதி அவித்த முட்டையை நறுக்கினது போல இருக்கும். இந்திய டிஎம்டி கம்பியிலும் தாய்லாந்து T கம்பியிலும் அந்த வளையம் இருக்கத்தான் வேண்டும், அதுவும் சுற்றிலும் ஒரே கனமாக. ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால் ஆலையில் தண்ணீர் சரியாகப் பாயவில்லை. ஆனால் சீன 4E கம்பியில் அந்த வளையம் வரவே கூடாது. அது வனேடியம் போன்ற உலோகங்களைச் சேர்த்துப் பலப்படுத்தும் ரகம், தண்ணீரில் அவித்து மேல்தோலை மட்டும் கடினமாக்குவதை 2018 தரத்திலேயே தடுத்துவிட்டார்கள். 4E என்று எழுதியிருந்து, சொட்டு விட்டதும் வளையம் வந்தால், எழுத்து பொய்.

என் மூன்று தவணையிலும் 16-லும் 12-லும் ஒவ்வொரு துண்டு சோதிக்கச் சொன்னேன். காசு கேட்கவில்லை. இரண்டாம் தவணையில் ஒரு கட்டில் மெல்லிய வளையம் தெரிந்தது. பையன் ஒன்றும் பேசாமல் அந்தக் கட்டை ஓரம் தள்ளிவிட்டு வேறு கட்டு எடுத்தான். தள்ளிய கட்டில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டான். மறுவாரம் போனபோதும் அது கோட்டோடு அங்கேயே கிடந்தது, விற்கவில்லை. அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இவ்வளவு சோதனை தேவைப்படும் கம்பி எங்கிருந்து நம் சந்தைக்கு வந்தது? அக்கா சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சீனாவில் பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கி அப்படியே கம்பியாக உருட்டும் சின்ன ஆலைகள் ஏராளமாக இருந்தன. அந்த உலை உருக்கும், சுத்தம் செய்யாது. பழைய இரும்போடு வரும் பாஸ்பரஸும் கந்தகமும் உள்ளேயே தங்கிவிடும். பாஸ்பரஸ் மிஞ்சிய கம்பி கண்ணாடி போல, குளிர்ந்த நிலையில் வளைத்தால் டப்பென்று உடையும். 2017 நடுவுக்குள் அத்தனையையும் மூட வேண்டும் என்று சீன அரசு சொன்னது, 14 கோடி டன் உற்பத்தித் திறன் ஒரே வருஷத்தில் நின்றது. மூடிய உலைகளில் ஒரு பகுதியைக் கழற்றி விற்றார்கள், அவை தென்கிழக்கு ஆசியாவில் வந்து இறங்கின. தங்கள் ஊரில் வேண்டாம் என்றது நம் பக்கத்து ஊர்களில் எரிய ஆரம்பித்தது. தூண்டல் உலைக் கம்பி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், நல்ல பழைய இரும்பைப் பொறுக்கிப் போட்டு, மேலே சுத்திகரிக்கும் உலையும் வைத்து ஒழுங்காகச் செய்பவர்கள் உண்டு. பிரித்துப் பார்க்க வாங்குகிறவனுக்கு வழி வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளூர் ஆலைக் கம்பியும் அக்காவிடம் இருக்கிறது, தனி அடுக்கில். பழைய இரும்பிலிருந்தும் பில்லட் என்ற இறக்குமதி எஃகுக் கட்டைகளிலிருந்தும் இங்கேயே உருட்டியது. சுற்றுச்சுவருக்கும் தரைக்கும் அதையே வாங்கினேன், விலை குறைவு, குறை ஒன்றும் இல்லை.

இப்போது விலை. இந்தக் கடையில் நான் கொடுத்தது மற்ற இடங்களில் விசாரித்ததைவிட நூற்றுக்கு ஏழு பங்கு கூட. பலர் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைந்த கம்பியை ஏழு பங்கு மலிவாக வாங்குவது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் "சீனாவில் கம்பி கொட்டிக் கிடக்கிறது, இங்கே ஏன் இந்த விலை?" என்று நானும் அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவர் கைப்பேசியில் ஷாங்காய் சந்தையின் கம்பி விலை நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். 2009-லிருந்து கம்பியை அங்கே முன்பேர வியாபாரமாக வாங்கி விற்கிறார்கள். 2024-ல் உலகம் முழுக்க உருகிய எஃகு 188 கோடி டன், அதில் 100 கோடி சீனாவில் மட்டும். அங்கே வீடு கட்டுவது ஓங்கியிருந்த 2020-ல் கம்பி மட்டுமே 26 கோடி டன்னுக்கு மேல் உருட்டினார்கள். பிறகு பெரிய வீட்டு நிறுவனங்கள் கடனில் முழுகின, பாதி எழும்பிய அடுக்குமாடிகள் அப்படியே நின்றன. 2024-ல் கம்பி உற்பத்தி 20 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. உலை ஆறினால் ஊரே வேலை இழக்கும் என்பதால் ஆலைகளை எளிதில் மூடுவதில்லை. உள்ளே விற்காத எஃகு கப்பலேறுகிறது. 2024-ல் 11 கோடி டன் ஏற்றுமதி, 2015-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு போனதில்லை. அமெரிக்கா 2025 மார்ச்சில் எஃகுக்கு 25 சதவீத வரி போட்டு ஜூனில் அதை 50 ஆக்கியது. அந்தப் பக்கம் கதவு சாத்தச் சாத்த, விற்கிறவர்கள் எல்லாரும் மிச்சமிருக்கும் சந்தைகளைத்தான் தேடுகிறார்கள்.

2024 ஆகஸ்டை அக்கா மறக்கமாட்டார். புதிய கம்பித் தரம் செப்டம்பர் 25-லிருந்து கட்டாயம் என்று சீனா அறிவித்திருந்தது, எடைக் குறைவுக்கான சலுகையையும் அதில் இறுக்கினார்கள். பழைய தரக் கம்பியைக் கையில் வைத்திருந்த வியாபாரிகள் பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளினார்கள். ஷாங்காய் விலை ஏழு வருஷத்தில் இல்லாத அளவுக்கு இறங்கியது. சீனாவின் மிகப் பெரிய எஃகு நிறுவனமான பாவுவின் தலைவரே, எதிர்பார்த்ததைவிட நீண்ட குளிர்காலம் வருகிறது என்று தன் ஆட்களை எச்சரித்தார். அதே ஆகஸ்டில்தான் நம் பர்மா நாணயம் கியாட் அதுவரை இல்லாத பள்ளத்தில் விழுந்தது. 2021 தொடக்கத்தில் 1,330 கொடுத்தால் ஒரு டாலர். அரசு விலை 2,100 என்று 2022-லேயே நிறுத்திவைத்தார்கள், வெளியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "ஷாங்காயில் கம்பி இறங்குது ஊலே, என் கையில் வரும்போது ஏறியிருக்குது" என்று அக்கா சொன்னது அந்த மாதத்தைப் பற்றித்தான். கம்பி வாங்க டாலர் வேண்டும், டாலர் இருந்தால் இறக்குமதி உரிமம் வேண்டும், உரிமம் வந்தால் திலாவா துறைமுகத்துக்குக் கப்பல் வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் காத்திருக்கும் நாளுக்கு வட்டி ஓடுகிறது. சீனா மலிவாக விற்பதன் பலன் இத்தனை கை தாண்டி நம்மிடம் வரும்போது கரைந்துவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் கடைக்காரர் மேல் இல்லை.

அந்தப் பழைய தரக் கம்பியும் கொஞ்சம் இந்தக் கடைக்கு வந்தது. கட்டில் தொங்கும் அட்டையைத் திருப்பித் தயாரித்த தேதியைக் காட்டி, இது பழைய தரம் என்று சொல்லியே விலை குறைத்து விற்றார்கள். எடை போட்டு விற்பதால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

குறைகளும் இருக்கின்றன. முதலில் ஏற்றி அனுப்புவது. 40 அடிக் கம்பி சின்ன லாரியில் நீளவாக்கில் கொள்ளாது, அதனால் நடுவில் மடக்கிக் கொண்டை போட்டு அனுப்புவது இங்கே வழக்கம். முதல் தவணை 16 மில்லிமீட்டர் கம்பியை அப்படித்தான் மடக்கி அனுப்பினார்கள், அதுவும் இறுக்கமாக. பகோவில் இறக்கி நிமிர்த்தியபோது மடங்கிய இடத்தில் வரிகளின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்க்க ஒரு பகல் முழுவதும் போயிற்று. விரிசல் எதிலும் இல்லை, 4E கம்பி அந்த அளவுக்குத் தாங்கியது. ஆனாலும் மடங்கி நிமிர்ந்த இடத்தைத் தூணின் அடியிலும் தலையிலும் வரவிடாமல் வெட்டி மாற்றினேன், அதில் கம்பி வீணானது. இரண்டாம் தவணைக்கு நீள லாரி கேட்டேன். வாடகை கூடக் கேட்டார்கள், கொடுத்தேன், ஆனால் நான்கு நாள் தாமதம். 50 மைல் தூரத்துக்கு நான்கு நாள் அதிகம். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்த கூலி என் தலையில்.

விலைச் சீட்டு அன்று மாலை வரைதான் செல்லும். காலையில் கேட்டு, வீட்டில் கலந்து பேசி மறுநாள் போனால் வேறு விலை சொல்கிறார்கள். டாலர் ஆடும்போது அவர்களுக்கும் வேறு வழியில்லை என்பது புரிகிறது, ஆனால் சேமிப்பை எண்ணி எண்ணி வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. முன்பணம் பாதி கட்டினால் மூன்று நாள் விலையைப் பிடித்து வைக்கிறார்கள். இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆலைச் சான்றிதழ் கேட்டால் தருகிறார்கள், ஆனால் எனக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று, முழுவதும் சீன மொழியில். எண்களும், எந்த உலை வார்ப்பு என்று காட்டும் உருக்கு எண்ணும் படிக்க முடிவதால் சமாளிக்கலாம். உருக்கு எண்ணை மட்டும் கட்டில் தொங்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பிகளைப் பிணைக்கும் மெல்லிய கட்டுக்கம்பியை இங்கே வாங்காதீர்கள், முறுக்கும்போதே அறுகிறது. கம்பி பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் கட்டையும் இல்லை. மழைக்காலத்தில் கீழ் அடுக்குக் கம்பிகளில் துரு ஏறிவிடும். கையில் ஒட்டும் மெல்லிய செந்துருவால் ஒன்றும் கெட்டுவிடாது, செதிலாக உரிந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

வளைத்துப் பார்க்க வேண்டும் என்றால் கொல்லையில் கம்பி வளைக்கும் மேசை இருக்கிறது. 12 மில்லிமீட்டரில் ஒரு முழத் துண்டைத் தடிமனான இரும்பு முளையைச் சுற்றி முழுக்க மடக்கச் சொல்லி, வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தட்டோன் பையன் முகம் சுளிக்காமல் செய்வான். என்னிடம் கம்பி கட்டும் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரு நாள் கூட்டிப்போய்ப் பார்க்கவைத்தேன். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் கொக்கியை 135 பாகைக்கு உள்ளே மடக்க வேண்டும் என்று நான் ஆயிரம் தடவை சொன்னபோதெல்லாம் தலையாட்டிவிட்டு 90-ல் விட்டுவிடுவார்கள். உடைகிற கம்பியையும் உடையாத கம்பியையும் அடுத்தடுத்து வளைத்துக் காட்டிய பிறகு, அவர்களே என்னிடம் கோணம் கேட்டு மடக்குகிறார்கள். தூணின் காலிலும் தலையிலும் வளையத்தை நாலு அங்குல இடைவெளியில் வைக்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன்.

பௌர்ணமிக்குக் கடை இல்லை. மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு முன் போனால் எடைமேடையில் கூட்டம் இருக்காது, துண்டு சோதிக்கவும் பையனுக்கு நேரம் இருக்கும். இரண்டாம் மாடித் தூணுக்கு எனக்கு இன்னும் 16-ல் அரை டன் வேண்டும். அடுத்த கப்பல் வந்ததும் சொல்வதாக அக்கா சொல்லியிருக்கிறார். வந்த கட்டுகளில் தொங்கிய அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி, எந்த அட்டை எந்தத் தூண் என்று பின்னால் எழுதி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதை மனைப் பத்திரத்தோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.